பேட்ச் ரியாக்டர் தரவு: முதல் வகையா, இரண்டாம் வகையா?

கேள்வி: எத்தில் அசிட்டேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் சம செறிவில், பேட்ச் ரியாக்டரில் (எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டு வினை நடத்தும் கலன்), 25 டிகிரியில். காரத்தின் செறிவு (மோல்/லிட்டர்): தொடக்கத்தில் 0.050, 5 நிமிடத்தில் 0.019, 10-இல் 0.012, 20-இல் 0.0067. செறிவின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஆர்-ஸ்கொயர் (நேர்கோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.91. முதல் வகை (first order: வேகம் செறிவின் முதல் அடுக்கைப் பொறுத்தது; இரண்டாம் வகையில் இரண்டாம் அடுக்கை) என்று எழுதிவிடலாமா?

பதில் 1: வேண்டாம். அந்தப் புள்ளிகளை உற்றுப் பாருங்கள், வளைந்திருக்கும். 1/செறிவு போடுங்கள்: 20, 53, 83, 149. கிட்டத்தட்ட நேர்கோடு. சாய்வுதான் வேக மாறிலி, சுமார் 6.5 லிட்டர்/மோல்·நிமிடம். இன்னொரு சோதனை: செறிவு முதலில் பாதியாக மூன்று நிமிடம், மறுபடி பாதியாக ஆறு. முதல் வகையில் அரை வாழ்காலம் மாறவே மாறாது.

பதில் 2: கோடு சரி, ஆனால் கடைசிப் புள்ளியை ரொம்ப நம்பாதீர்கள். டைட்ரேஷனில் (பியூரெட்டால் சொட்டுச் சொட்டாக விட்டுச் செறிவை அளப்பது) 0.0002 பிசகினால் தொடக்கத்தில் 1/செறிவு 0.08 தான் நகரும், 20-ஆம் நிமிடத்தில் நாலுக்கு மேல். எடையிட்டு (பிசகு அதிகமுள்ள புள்ளிக்குக் குறைந்த முக்கியத்துவம் கொடுத்து) கோட்டைப் பொருத்துங்கள், அல்லது செறிவு-நேரச் சமன்பாட்டையே நேரடியாகப் பொருத்துங்கள். அப்புறம், மாதிரி எடுத்ததும் அளவு தெரிந்த மிகை அமிலத்தில் ஊற்றினீர்களா? இல்லையென்றால் பியூரெட்டைத் திறப்பதற்குள் வினை ஓடிக்கொண்டிருக்கும்.

கேட்டவர்: ஊற்றினேன், மீதி அமிலத்தைத்தான் டைட்ரேட் செய்தேன். அப்படியானால் வகை எஸ்டருக்கு (எத்தில் அசிட்டேட்) ஒன்று, காரத்துக்கு ஒன்று என்று எழுதலாம்?

பதில் 1: இந்தத் தரவு மொத்த வகை இரண்டு என்று மட்டுமே சொல்லும். பிரித்துக் காட்ட எஸ்டரை மிகையாக வைத்து இன்னொரு ஓட்டம் வேண்டும்.