மூன்றாம் பக்கம்

அத்தை: கண்ணு, கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாயா? நாளை மறுநாள் கடைசித் தேதி.

தங்கை: இல்லை அத்தை. மூன்றாம் பக்கத்தில் கட்டண விவரம் வந்தது. பார்த்ததும் மூடிவிட்டேன். அப்பாவிடம் காட்டவே மனம் வரவில்லை.

சித்தப்பா: பாவம், அவள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது அக்கா.

நான்: நியாயம்தான் சித்தப்பா. ஆனால் அச்சிட்ட தொகை வேறு, உதவித்தொகையும் சலுகையும் போகக் கையிலிருந்து கட்டுவது வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறது. வசதி குறைந்த, நன்றாகப் படிக்கும் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், ‘இடம் கிடைத்தால் நான்கு ஆண்டும் கல்விக் கட்டணம் இல்லை’ என்று முன்கூட்டியே கடிதம் போட்டார்கள். அவர்களில் 68 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். கடிதம் வராதவர்களில் 26 சதவீதம்தான். கடிதம் வந்தவர்களில் சேர்ந்தவர்கள் 27 சதவீதம், வராதவர்களில் 12.

தங்கை: இலவசம் என்றால் யார்தான் வரமாட்டார்கள் அண்ணா?

நான்: கடிதம் வராதவர்களிலும் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய அதே உதவி கிடைத்திருக்கும் அம்மா! அது அவர்களுக்கு முன்பே தெரியவில்லை, அவ்வளவுதான்.

சித்தப்பா: அதற்காகக் கட்டணத்தை எவ்வளவு ஏற்றினாலும் பாதகமில்லை என்று சொல்லாதே. இங்கிலாந்தில் 2012இல் ஆண்டுக் கல்விக் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக ஏற்றினார்களே.

நான்: பள்ளி முடித்து நேரே வந்தவர்கள் முதல் ஆண்டு குறைந்தார்கள், பிறகு மீண்டார்கள். முன்பணம் வேண்டாம், சம்பளம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகு கடனைக் கட்டினால் போதும் என்பது அவர்களைத் தாங்கியது. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்க வந்தவர்கள்தான் ஏறத்தாழப் பாதியாகிவிட்டார்கள். வீட்டுக் கடன், பிள்ளைகள் என்று இருப்பவர்கள் புதுக் கடனைத் தொடத் தயங்குவார்கள் அல்லவா? பலருக்கு அந்தக் கடனும் கிடைக்கவில்லை. எனக்கு அவர்களை நினைத்தால்தான் வருத்தம்.

அத்தை: எனக்கும் இடம் கிடைத்தது. சேர்க்கைக் கடிதத்தை மடித்து அகராதிக்குள் வைத்தேன். மடிப்பு கிழிந்துவிட்டது, கடிதம் இன்னும் இருக்கிறது. உதவி ஏதும் உண்டா என்று வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சித்தப்பா: அக்கா, இத்தனை வருடத்தில் இதை நீ சொன்னதே இல்லையே.

தங்கை: அத்தை, மறுபடியும் திறந்தேன். அதே மூன்றாம் பக்கத்தின் அடியில் ‘உதவித்தொகை கோருகிறீர்களா?’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நேற்று அதுவரை நான் போகவே இல்லை. வருமானச் சான்று கேட்கிறார்கள்.

சித்தப்பா: அப்பாவிடம் நான் பேசுகிறேன். காலையில் வருகிறேன், சேர்ந்து நிரப்புவோம்.