புதுப்பிப்பு: பேத்திக்குக் கொடுத்த வாக்கும் ஏரிக்கரைப் பனைகளும்

ஊர் ஏரிக்கரை நெடுகப் பனை விதைப்பேன் என்று பேத்திக்கு வாக்குக் கொடுத்ததைப் போன புரட்டாசியில் எழுதியிருந்தேன். முளைத்துவிட்டன! பனை முதலில் கிழங்காகக் கீழே இறங்கும். ஓலை தலைகாட்ட மாதக்கணக்காகும். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

தென்னை வைக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் சாய்த்த தென்னந்தோப்புகளைப் பார்த்தவள் நான். பனைகள் பெரும்பாலும் நின்றன. 2024இல் உலகச் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் போய்விட்டது. கடல் சூடேறினால் புயலுக்கு வலு கூடும். அவள் காலத்துக்குக் கரை உறுதியாக இருக்க வேண்டும்.

நுங்கு காய்க்கப் பதினைந்து ஆண்டுகூட ஆகலாம். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் வெட்டித் தின்னட்டும். ஆடு மேய்ந்த இடங்களில் வரும் புரட்டாசியில் மறுபடி விதைக்கிறோம். பனங்கொட்டை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.