குரலே இல்லாத ராக் இசைத்தட்டு: கேட்டவர்கள் எழுதுங்கள்

வைகைக்கரை:

பாடகர் குரல் ஒரு வரிகூட இல்லாத ராக் இசைத்தட்டை முழுக்கக் கேட்டவர்கள் எழுதலாம் என்றீர்கள். என் பங்குக்கு மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஐவர் குழு 1971-இல் வெளியிட்ட முதல் தட்டைச் சொல்கிறேன்: ‘தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்’. எட்டு உருப்படிகள், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஜாஸும் ராக்கும் கலந்த இசையில் இதற்குச் சமமாக இன்னொன்றை நான் வைக்க மாட்டேன்.

இதை எனக்குக் கேட்கக் கொடுத்தவர் மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்குப் போகிற மைக் செட் சாமான்கள்தான் அவரிடம் வரும். சரிசெய்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் இந்தத் தட்டை ஓட்டிப் பார்ப்பார். வயலினும் கிட்டாரும் ஒரே வரியைத் தலைதெறிக்கும் வேகத்தில் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் ஒலி கிழிகிறதா என்று காதைக் கொடுப்பார். பிறகு ஸ்பீக்கரின் வலைமேல் உள்ளங்கையை வைத்து, டிரம்ஸில் காலால் அடிக்கும் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையில் தட்டுகிறதா என்று பார்ப்பார். இரண்டும் சரியாக இருந்தால்தான் பெட்டி கடையை விட்டு வெளியே போகும். எடுக்க வந்தவர்கள், “பாட்டு எப்போது அண்ணே வரும்?” என்று கேட்டுக்கொண்டே நிற்பார்கள்.

“முதலில் டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொள் தம்பி, மற்ற நான்கு பேரும் தானாக வந்து சேருவார்கள்” என்று என்னிடம் சொன்னார். புதிதாகக் கேட்பவர்களுக்கு நானும் இதையேதான் சொல்வேன். கிட்டார் வாசிக்கும் ஜான் மெக்லாஃப்லின்தான் குழுவின் தலைவர், இங்கிலாந்துக்காரர். ஆனால் தட்டின் முதுகெலும்பு பில்லி காபமின் டிரம்ஸ். அவர் பனாமாவில் பிறந்தவர். கீபோர்டு வாசிக்கும் யான் ஹாமர் பிராக் நகரத்துக்காரர், பேஸ் கிட்டார் ரிக் லெயர்டு அயர்லாந்துக்காரர், வயலின் ஜெர்ரி குட்மன் அமெரிக்கர். இப்படித் திசைக்கொருவராக வந்து சேர்ந்தவர்கள், சேர்ந்த அதே ஆண்டில் இதைப் பதிவு செய்துவிட்டார்கள். அந்த இறுக்கம் எப்படி அத்தனை சீக்கிரம் வாய்த்தது என்று இன்றும் வியக்கிறேன்.

எனக்குப் பிரியமானது ‘தி டான்ஸ் ஆஃப் மாயா’. தொடக்கத்தில் கிட்டார் நரம்புகளை ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டு ஒரு கோலம் வரும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிடிபடாது. விரல்விட்டு எண்ணினால் ஒரு சுற்றுக்குப் பத்து அடி. சின்ன வயதில் மிருதங்கம் கொஞ்சம் கற்றுக்கொண்ட கை சும்மா இருக்குமா? தொடையில் கண்ட சாப்பு, அதாவது ஐந்து எண்ணிக்கைத் தாளம், போட்டுப் பார்த்தேன். ஐந்தும் ஐந்தும் பத்து, கணக்குச் சரியாக இருந்தது; ஆனால் பாட்டின் அழுத்தம் என் தட்டோடு ஒத்துப்போகவில்லை. விடாமல் தட்டிக்கொண்டே இருந்தேன். நடுவில் திடீரென்று எல்லாம் மாறி, ஆளைத் தலையாட்ட வைக்கும் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) நடை ஒன்று கிளம்புகிறது. எளிய நடை என்று நினைத்து எண்ணினால், அது இருபது. அதாவது இரண்டு பத்து. கடைசியில் அந்த முதல் கோலம் திரும்பி வந்து இந்த ப்ளூஸ் நடையின் மேலேயே உட்காருகிறது. முதலிலிருந்தே இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான் என்பது அப்போதுதான் தெரிகிறது. கோர்வை என்கிற முடிவுத் தாளக்கட்டு, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழும்போது கச்சேரியில் நமக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதே சந்தோஷம்.

முதல் பக்கத்தின் கடைசி உருப்படியில் டிரம்ஸ் கிடையாது. கிட்டார், பியானோ, வயலின் மட்டும். அத்தனை சத்தத்துக்குப் பிறகு அது அவசியமாக இருக்கிறது.

ஆனைமலை:

வைகைக்கரை அண்ணன் சொன்ன தட்டை நானும் கேட்டிருக்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதிலுள்ள ‘தி நூன்வர்ட் ரேஸ்’ எனக்கு ஒத்துவரவில்லை. ஆளுக்கொரு சுற்று, ஒருவரை ஒருவர் விஞ்சுகிற வேகம். மெக்லாஃப்லின் மூச்சே விடுவதில்லை. வேகமாக வாசிப்பதில் எனக்குக் குறையில்லை. அடுத்த வரிக்கு முன்னால் முந்தைய வரி மனத்தில் நிற்க இடம் வேண்டாமா?

நான் சொல்ல வந்தது அதே தட்டில் வரும் ‘யூ நோ யூ நோ’ பற்றி. என் தாத்தா தவில் வித்வான். ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். அதில் கிட்டாரும் மற்றவையும் ஒரே சின்ன வரியை மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். டிரம்ஸ் சும்மா இருக்கும். திடீரென்று இடையில் பாய்ந்து நாலு உருட்டு உருட்டிவிட்டு மறுபடி அடங்கிவிடும். தாத்தா முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு சுண்டுவிரலிலிருந்து எண்ணத் தொடங்கினார். டிரம்ஸ் ஓய்ந்திருந்த இடங்களிலும் விரல் நிற்கவே இல்லை. முடிந்ததும், “இன்னொரு தடவை போடு தாயி” என்றார். இரண்டாம் முறை கேட்டுவிட்டுச் சொன்னார்: “மற்றவர்கள் எல்லாம் தாளம் போடுகிறார்கள், இவன் ஒருவன்தான் உருப்படி வாசிக்கிறான்.”

நம் கச்சேரியில் தாள வாத்தியக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்திலும் அதுதானே நடக்கிறது? ஆனால் இங்கே தனிக்கு என்று இடம் ஒதுக்கவில்லை, பாட்டே அதுதான். நான் பலமுறை கேட்டும் எனக்குத் தோன்றாததைத் தாத்தா இரண்டாம் முறையிலேயே சொல்லிவிட்டார்.

மானாமதுரைக்காரன்:

நான் இந்தத் தட்டுக்கு வந்தது பின்வாசல் வழியாக. எனக்கு முதலில் தெரிந்தது மெக்லாஃப்லின் அதற்கு அப்புறம் தொடங்கிய சக்தி குழு. 1976-இல் வந்த அவர்களுடைய முதல் தட்டில் எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ராம்நாடு ராகவன் மிருதங்கம், விக்கு விநாயகராம் கடம். மின்சாரக் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு, மெக்லாஃப்லின் மரக் கிட்டாரோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கடம் என்றால் எங்கள் ஊர்க்காரனுக்குக் காது தானாக நிமிரும். மானாமதுரைக் கடம் கனமானது. சுவர் தடிமனாக இருக்கும், நாதம் வெண்கலம்போல் கணீரென்று வரும், பழகாத விரல் வீங்கிவிடும். சூளையிலிருந்து எடுத்த கடத்தை, அதை வனைந்த வேளார் முதலில் கழுத்தில் தட்டுவார், அப்புறம் வயிற்றில். இரண்டு இடத்திலும் நாதம் சேர்ந்து வராவிட்டால் அதைத் தனியாக ஒதுக்கிவிடுவார். சுருதி என்பது வேகும்போதே அமைந்துவிடுகிறது; பிறகு பெரிதாக மாற்ற முடியாது. சக்தியைக் கேட்கும்போது நான் முதலில் கவனிப்பது, கிட்டாரின் சுருதியோடு அந்தப் பானையின் நாதம் எப்படிப் பொருந்தி நிற்கிறது என்பதைத்தான்.

அதைக் கேட்டுவிட்டு 1971 தட்டுக்குப் போனால், மெக்லாஃப்லின் ஆளே வேறு மாதிரி இருக்கிறார். எனக்கு இன்னும் சக்திதான் ஒரு படி மேல். அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வைகைக்கரை:

கோபம் எதற்கு? சக்தியைக் குறைத்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் மெக்லாஃப்லின் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை கற்றார். கற்றுக்கொடுத்தவர் டாக்டர் எஸ். ராமநாதன். சிலப்பதிகாரத்தில் வரும் இசையை ஆராய்ந்த அதே ராமநாதன்தான். நம் மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராகவும் இருந்தவர். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவைக்குச் சுரம் தேடியவரும் மெக்லாஃப்லினுக்கு வீணை சொல்லித்தந்தவரும் ஒருவரே என்பதை நம் ஊரில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள்? இதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனைமலைத் தங்கைக்கு: ‘நூன்வர்ட் ரேஸ்’ பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கைப்பேசியிலேயே கேட்டிருந்தால் பேஸ் கிட்டார் காதில் விழாது. வெறும் வேகம்தான் மிஞ்சும். நல்ல ஸ்பீக்கரில் லெயர்டு வாசிப்பதைத் தேடிப் பாருங்கள். மற்ற நால்வரும் பறக்கும்போது அவர் ஒருவர்தான் தரையில் நிற்கிறார். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுவோம்.

தாத்தாவுக்கு அடுத்ததாக இதே தட்டின் ‘வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ போட்டுக் காட்டுங்கள். அது ஒன்பது அடிச் சுற்று என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அவர் என்ன சொன்னார் என்று கட்டாயம் எழுதுங்கள்.