வயர்ஃப்ரேமுக்கு ஒப்புதல் தந்தவர் ஏழாவது வரைவிலும் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்

செம்பூர்வாசி:
வணக்கம். தாராவி 90 அடிச் சாலையில் தோல்பைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவருக்கு இணையதளம் வடிவமைத்து வருகிறேன். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில், எது எங்கே வரும் என்பதைச் சாம்பல் நிறக் கட்டங்களாக மட்டும் காட்டும் வயர்ஃப்ரேம் (முன்வரைவு) போட்டுக் காட்டியபோது, "நல்லா இருக்கு தம்பி" என்று ஒப்புதல் தந்தார். அதை நம்பி நிறம், எழுத்துரு, படங்கள் எல்லாம் சேர்த்துக் கொண்டுபோனால், மெனு இருக்கும் இடத்திலிருந்து படங்களின் வரிசை வரை மாற்றச் சொல்கிறார். இப்போது ஏழாவது வரைவில் நிற்கிறேன். தொடக்கத்திலேயே முடிந்திருக்க வேண்டிய பேச்சு ஏன் கடைசியில் வருகிறது? இத்தகைய சிறுகடைகளுக்கு வயர்ஃப்ரேமே தேவையில்லையா?

மாட்டுங்காக்காரர்:
கட்டாயம் தேவை. ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் என்ன எழுதியிருந்தீர்கள்? "தலைப்பு இங்கே வரும்" என்றோ, இடம் நிரப்ப வடிவமைப்பாளர்கள் இடும் "லோரம் இப்சம்" என்ற பொருளற்ற உரையோ இருந்திருந்தால், அண்ணாச்சி அதில் தம் கடையைப் பார்த்திருக்கவே முடியாது. நீங்கள் சிரமப்பட்டுச் செய்ததை மறுக்க மனம் வராமல் தலையசைத்திருப்பார்.

இங்கே ஒரு மெஸ்ஸுக்குத் தளம் செய்தபோது, கணினியைத் திறக்காமல், முகப்புப் பக்கத்தை ஒரு தாளில் பென்சிலால் வரைந்து உரிமையாளரின் கையில் பென்சிலையும் கொடுத்தேன். நான் ஆசையாகப் போட்டிருந்த பெரிய பேனரை அவர் குறுக்கே அடித்துவிட்டு, அந்த இடத்தில் "இன்றைய சாப்பாடு, பகல் 12 முதல் 3 வரை" என்று தம் கையாலேயே எழுதினார். தளம் வெளிவரும் வரை அந்தப் பகுதி மட்டும் மாறவே இல்லை.

வரைவைக் காட்டி "பிடித்திருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "ஐம்பது பை மொத்தமாக வாங்க வருபவர் எதை அழுத்துவார், விரலால் காட்டுங்கள்" என்று கேளுங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே திருத்துங்கள்.

அந்தேரி வாசகி:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தளம் தமிழிலும் வருமானால் தமிழ்ச் சொற்களை முதல் வரைவிலேயே இட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் "பை நவ்" என்று ஆறே எழுத்தில் அடங்கிய பட்டன், "இப்போதே வாங்குங்கள்" என்றானதும் மொபைல் திரையில் இரண்டு வரியாக உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன். மேலும் கீழும் நீளும் குறிகள் கொண்ட தமிழ் எழுத்துகளுக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும்.

அண்ணாச்சியிடம் மட்டும் காட்டினால் போதாது, வாங்குபவர்களிடமும் காட்டுங்கள். பதினைந்து பேரை ஒரே முறை சோதிப்பதைவிட, ஐந்து ஐந்து பேராக மூன்று முறை சோதித்து, இடையிடையே திருத்துவதே பயன் தரும் என்று, தளங்களைப் பயன்படுத்துவது எளிதாக இருக்கிறதா என்று ஆராயும் வல்லுநர் யாகோப் நீல்சன் 2000-இல் எழுதினார். உங்கள் நிலைமைக்கு அது அப்படியே பொருந்தும்.

செம்பூர்வாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை தாளும் பென்சிலுமாகக் கடைக்குப் போனேன். கடைக்கு வருகிறவர்கள் முதலில் ஜிப்பை இழுத்துப் பார்த்து, பிறகு பையைத் திறந்து உள்தையலைத் தடவிப் பார்ப்பார்கள் என்பதால், திறந்த பையின் படமே எல்லாவற்றுக்கும் மேலே வரவேண்டும் என்றார் அண்ணாச்சி. ஏழு வரைவுகளிலும் நான் மூடிய பையையே காட்டியிருக்கிறேன். எட்டாவதை அவர் வரைந்த தாளிலிருந்து தொடங்குகிறேன்.