பி.சி. அலெக்சாண்டர்: தமிழ்நாட்டில் இருந்த அதிகாரம் மகாராஷ்டிராவில் ஏன் இல்லை?

குரூப்1_மாணவன்:
அலெக்சாண்டர் பற்றிக் குறிப்பு எடுக்கிறேன். 1948இல் ஐ.ஏ.எஸ்., இந்திரா காந்தியின் முதன்மைச் செயலாளர், லண்டனில் தூதர், 1988இல் தமிழக ஆளுநர். ஆளுநர் பதவி ஐ.ஏ.எஸ்.ஸுக்கு அடுத்த படியா? தமிழ்நாட்டில் ஆட்சியையே நடத்தினார் என்கிறார்கள். மகாராஷ்டிராவில் ஒன்பது வருஷம் இருந்தும் அப்படி இல்லையே?

கோட்டைக்கோப்பு:
அடுத்த படி கிடையாது. அரசியலமைப்பின் பிரிவு 157 கேட்பது இரண்டுதான்: இந்தியக் குடிமகன், 35 வயது நிறைவு. நியமனம் பிரிவு 155படி குடியரசுத் தலைவர் கையெழுத்தில். லண்டன் பதவியை ‘ஹை கமிஷனர்’ என்றே எழுதுங்கள். காமன்வெல்த் நாடுகளுக்குள் தூதர் என்ற பதவிப்பெயர் இல்லை. 1985 ஜனவரியையும் விடாதீர்கள். உளவு வழக்கில் அவருடைய அலுவலக ஊழியர்கள் சிக்கியதும் முதன்மைச் செயலாளர் பதவியை ராஜினாமா செய்தார். லண்டன் அதற்குப் பிறகு.

பிரிவு356:
பலரும் தப்பு செய்யும் இடம் ஒன்று. தமிழ்நாட்டில் முதல்வர் ஜானகியின் ஆட்சி கலைந்து, பிரிவு 356இன்படி குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது 1988 ஜனவரி 30. அப்போது ஆளுநர் எஸ்.எல். குரானா. அலெக்சாண்டர் வந்தது பிப்ரவரியில்தான். கலைப்பை அவர் தலையில் கட்டக் கூடாது.

அதிகார விஷயத்துக்கு ஓர் அரசாணையை எடுத்துப் பாருங்கள். கடைசியில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று இருக்கும், கீழே துறைச் செயலாளர் கையெழுத்து. சாதாரண நாளில் முடிவெடுத்தது அமைச்சர். ஆளுநர் பெயருக்கு மட்டும். குடியரசுத் தலைவர் ஆட்சியில் அமைச்சரவையே இல்லை. கோப்பு செயலாளரிடமிருந்து ஆளுநரின் ஆலோசகருக்கு, அங்கிருந்து ஆளுநர் மேஜைக்கு. கோப்பிலேயே வாழ்ந்த மனிதருக்கு இது பழகிய வேலை, அதனால்தான் அந்த ஓராண்டில் அவர் கை ஓங்கித் தெரிந்தது. ஆனால் சட்டமன்ற அதிகாரம் நாடாளுமன்றத்துக்குப் போய்விடும். மாநில பட்ஜெட்டும் டெல்லியில்தான் நிறைவேற வேண்டும்.

காலக்கெடுவும் இறுக்கம். இரண்டு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல், பிறகு ஆறாறு மாதமாக நீட்டிப்பு. ஓராண்டைத் தாண்ட வேண்டுமானால் நெருக்கடி நிலை அமலில் இருக்க வேண்டும், தேர்தல் ஆணையத்தின் சான்றும் வேண்டும். 1989 ஜனவரி 21இல் தேர்தல், 27இல் கருணாநிதி பதவியேற்பு. ஓராண்டு நிறைய சில நாள்தான் பாக்கி. அன்றோடு அலெக்சாண்டரும் அமைச்சரவை ஆலோசனைப்படி நடக்கும் ஆளுநர்.

விதர்பா_வாசகர்:
மகாராஷ்டிராவில் (1993 - 2002) அதிகாரமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பிரிவு 371(2)இன்படி விதர்பா, மராத்வாடா, மற்ற மகாராஷ்டிரா மூன்றுக்கும் தனித்தனி வளர்ச்சி வாரியம் 1994இல் அமைந்தது. நிதியை நியாயமாகப் பங்கிடுவது ஆளுநரின் தனிப்பொறுப்பு. பின்தங்கிய பகுதிகளின் வளர்ச்சிப் பாக்கியைக் கணக்கிட 1995இல் குழு போட்டதும் ஆளுநர்தான். என்னைக் கேட்டால், தமிழ்நாட்டு ஓராண்டை விட இதுதான் அவர் நிர்வாக அனுபவத்துக்கு உரிய வேலை. உங்கள் குறிப்பில் இதற்குத்தான் கூடுதல் இடம் கொடுக்க வேண்டும்.

குரூப்1_மாணவன்:
குரானா தேதியை நான் தப்பாகத்தான் வைத்திருந்தேன், திருத்திவிட்டேன். 371(2)ஐத் தனிப் பத்தியாகச் சேர்க்கிறேன். நன்றிங்க.