கையால ஓட்டுனா ஓடுற ஸ்கிரிப்ட் கிரான்ல மட்டும் ஓடல

டெர்மினல்_தம்பி:
வணக்கம், உபுண்டு லினக்ஸ்ல ஒரு சின்ன பாஷ் ஸ்கிரிப்ட் (கமாண்டுகள வரிசையா எழுதி வச்ச ஃபைல்) வச்சிருக்கேன், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர டார் போட்டு (ஒரே ஃபைலா கட்டி) எக்ஸ்டர்னல் டிஸ்க்ல வைக்கும், ஃபைல் பேர்ல தேதி வேணும்ங்கறதால கிரான்டேப் (கிரான்ங்கற, குறிச்ச நேரத்துல கமாண்ட தானா ஓட்டுற புரோகிராமோட பட்டியல்) வரியிலயே டேட் கமாண்ட் வச்சு வருஷம் மாசம் நாள் எடுத்து ஸ்கிரிப்ட்டுக்கு குடுக்குறேன். அதே கமாண்ட டெர்மினல்ல பேஸ்ட் பண்ணா சூப்பரா ஓடுது. கிரான்ல ராத்திரி ஒண்ணுமே நடக்கல, வரியோட கடைசில அவுட்புட்ட லாக் ஃபைலுக்கு திருப்பி விட்டும் லாக்கே உருவாகல. பர்மிஷன்லாம் சரியா இருக்கு. எங்க தேடுறது?

கருப்புத்திரை:
பாத் (கமாண்ட எந்த டைரக்டரில தேடணும்ங்கற பட்டியல்) பிரச்சனையா இருக்கும். யூசர் கிரான்டேப்ல யூஎஸ்ஆர் பின், பின் இந்த ரெண்டு டைரக்டரி தான் பாத்ல இருக்கும், உங்க பாஷ்ஆர்சிய (டெர்மினல் திறக்கும்போது படிக்குற செட்டிங்ஸ் ஃபைல்) கிரான் படிக்காது. எல்லா கமாண்டுக்கும் முழு பாத் குடுங்க.

ரூட்_ராத்திரி:
பாத் விஷயம் சரி தான் ஆனா இங்க அது இல்ல, அப்படி இருந்தா லாக் ஃபைலாவது வந்திருக்கும். டேட் கமாண்ட்ல இருக்குற பர்சன்ட் குறி தான் காரணம். கிரான்டேப்ல முதல் பர்சன்ட்டோட கமாண்ட் முடிஞ்சிடும், அதுக்கு அப்புறம் இருக்குறதெல்லாம் அந்த கமாண்டுக்கு ஸ்டாண்டர்ட் இன்புட்டா (உள்ள குடுக்குற டேட்டாவா) போயிடும், உங்க லாக் ரீடைரக்ஷனும் சேர்த்து தான். ஜர்னல்சிடிஎல்ல (சிஸ்டம் லாக காட்டுற கமாண்ட்) கிரான் வரிய பாருங்க, பாதில வெட்டுப்பட்டு நிக்கும். ஒவ்வொரு பர்சன்ட்டுக்கு முன்னாடியும் பேக்ஸ்லாஷ் போட்டா ஓடும், ஆனா தேதி எடுக்குற வேலைய ஸ்கிரிப்ட்டுக்குள்ள கொண்டு போறது தான் நல்லது, கிரான்டேப் வரில ஸ்கிரிப்ட் பேர் மட்டும் இருந்தா போதும்.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம்: டிஸ்க் மவுண்ட் ஆகலன்னா (அதுக்குன்னு இருக்குற டைரக்டரியோட இணையலன்னா) டார் சத்தமே இல்லாம அந்த காலி டைரக்டரிலயே எழுதிட்டு போகும், பேக்கப் இருக்குன்னு நீங்க நினைச்சுட்டு இருப்பீங்க, ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்குற டிஸ்க் பகுதி) தான் நிரம்பும். ஸ்கிரிப்ட் ஆரம்பத்துலயே மவுண்ட்பாயிண்ட் கமாண்ட் வச்சு செக் பண்ணி, இல்லன்னா எர்ரரோட வெளிய வந்துடுங்க.

டெர்மினல்_தம்பி:
ஆமாங்க, ஜர்னல்ல பர்சன்ட்டுக்கு முன்னாடி இருக்குற பிளஸ் குறியோட வரி நின்னு போச்சு! தேதிய உள்ள மாத்திட்டேன், ஓடுது, மவுண்ட் செக்கும் போட்டாச்சு. ராத்திரி லேப்டாப் ஆஃப்ல இருந்தா?

ரூட்_ராத்திரி:
கிரான் அத விட்டுடும், திரும்ப ஓட்டாது. சிஸ்டம்டி டைமர் (குறிச்ச நேரத்துல வேலைய ஓட்ட லினக்ஸ்ல இருக்குற இன்னொரு வழி) எழுதுங்க, ஆன்கேலண்டர்ல நேரம் குடுத்து பெர்சிஸ்டன்ட் ட்ரூ போட்டா, தவறிப்போனத அடுத்த தடவ ஆன் பண்ணதும் ஓட்டிடும்.