சபேயரா, சபாவினரா?

அன்புடையீர், வணக்கம்.

இன்றைய ஏமனில் மாரிப் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு வாழ்ந்த பழங்கால வணிக மக்களைத் தமிழில் எப்படிக் குறிப்பது என்ற இவ்விழையில் சபாவினர், சேபாவினர், நறும்புகை வணிகர், சபஃ என நான்கு முன்மொழிவுகள் வந்துள்ளன. புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை, தமிழ் விவிலியத்தில் ஏற்கெனவே உள்ள 'சபேயர்' என்பதையே கொள்ளலாம் என்பது என் கருத்து. யோபு நூலின் முதல் அதிகாரத்தில், உழுதுகொண்டிருந்த எருதுகளையும் அருகே மேய்ந்த கழுதைகளையும் கொள்ளையிட்டுப் போகிறவர்கள் சபேயர். இரண்டு வசனம் தள்ளி ஒட்டகங்களை ஓட்டிச் செல்பவர்கள் கல்தேயர். கிரேக்கத்தில் 'ஆயோஸ்' என முடியும் இன, குழுப் பெயர்கள் எபிரேயர், கலிலேயர், பரிசேயர் என்று 'ஏயர்' ஈறு பெற்றுத் தமிழில் வேரூன்றிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. சபேயர் அந்த வரிசையில் இயல்பாக வந்து நிற்கிறது.

விவிலியத்திலேயே இப்பெயர் குழம்பிக் கிடக்கிறது என்று இதற்கு எதிராக எழுப்பப்பட்ட தடையில் நியாயம் உண்டு. சாலொமோனைக் காண 120 தாலந்து பொன்னோடு வந்த அரசியை விவிலியம் 'சேபாவின் ராஜஸ்திரீ' என்கிறது. எபிரேயத்தில் அவளுடைய நாட்டின் பெயரும் யோபுவில் வரும் பெயரும் ஒன்றே. இரண்டும் ஷீன் (ஷ) என்னும் எபிரேய எழுத்தில் தொடங்குபவை. ஆனால் ஏசாயா 45:14இல் எகிப்தோடும் எத்தியோப்பியாவோடும் சேர்த்துச் சொல்லப்படும் நெட்டையான 'சபேயர்' வேறு மக்கள். அங்கே மூலத்தில் இருப்பது சாமெக் (ஸ) என்னும் வேறோர் எழுத்து. ஆக, ஒரே பெயர் தமிழில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, இரண்டு பெயர்கள் ஒன்றாகக் கலந்தும் இருக்கின்றன. சங்கீதம் 72:10இல் இரண்டும் அடுத்தடுத்து வந்துவிட்டதால் மட்டும் 'ஷேபாவிலும் சேபாவிலும்' என்று பிரித்தெழுத நேர்ந்தது. அந்த வசனத்தில் 'சேபா' என்பது சாமெக்கில் தொடங்கும் மற்ற நாட்டுக்குப் போய்விடுகிறது என்பதால், 'சேபாவினர்' என்ற முன்மொழிவு குழப்பத்தைத் தீர்க்காமல் இடம் மாற்றி வைக்கிறது. ஷீன் எழுத்துக்காரர்களைச் சபேயர் என்றும், சாமெக் எழுத்துக்காரர்களை, அதாவது ஆதியாகமம் 10:7இல் கூசின் மகனாகச் சொல்லப்படுபவனின் வழியினரைக் 'கூசியச் சேபர்' என்றும் வழங்கினால் போதும்.

'சபாவினர்' ஒலியளவில் மூலத்துக்கு மிக நெருக்கமானது. குர்ஆனின் 34ஆம் அத்தியாயத்தின் பெயரான 'ஸபா' தமிழ் முஸ்லிம்களுக்குப் பழகிய சொல்லும்கூட. ஆனால் கிரந்தத்தை விட்டுச் 'சபா' என்று எழுதிய மறுகணமே அது மார்கழிக் கச்சேரி நடக்கும் இடமாகிவிடுகிறது. என் கட்டுரை வரைவில் 'சபா வணிகர்கள்' என்று படித்த மகள், கேன்டீன் நடத்துபவர்களா என்று கேட்டாள். மலேசியத் தமிழருக்கோ சபா என்பது போர்னியோவில் உள்ள மாநிலம். எனவே நாட்டுப் பெயரிலிருந்து மக்கட்பெயரை ஆக்காமல், மக்கட்பெயரை முதலில் நிறுத்திச் 'சபேய நாடு', 'சபேய மொழி' என்று செல்வதே நல்லது. சோழ நாடு, பாண்டிய நாடு என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புதிய வழியன்று. அவர்களுடைய கல்வெட்டுகளிலும் அச்சொல் முதலில் ஒரு குலத்தின் பெயராகவே வருகிறது.

அக்கல்வெட்டுகள் 29 மெய்யெழுத்துகள் கொண்ட முஸ்னது என்னும் பழந்தென்னரேபிய எழுத்தில், சொல்லுக்குச் சொல் நெடுங்கோடு இட்டு வெட்டப்பட்டவை. இப்பெயரில் மூன்றே எழுத்துகள்: சகரம், கதவு நிலைபோல் மேலே மூடிக் கீழே திறந்த பகரம், இறுதியில் தொண்டையில் நின்றுவிடும் ஓர் ஒலி. அந்த ஒலிக்காகவே 'சபஃ' என்று ஆய்தம் இட நண்பர் விரும்புகிறார். அவருடைய நுட்பத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் ஃபேன், ஃபோன் என்று எழுதிப் பழகிவிட்ட இன்றைய வாசகர் அதை எப்படி வாசிப்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

'நறும்புகை வணிகர்' அழகான தொடர், ஆனால் பெயராகாது. எசேக்கியேல் 27:22இல் தீரு நகரச் சந்தைக்கு இம்மக்கள் நறுமணப் பொருளோடு மணிகளும் பொன்னும் கொண்டுவருகிறார்கள். தூபப் பிசின் தரும் மரங்களோ பெரும்பாலும் அவர்களுக்குக் கிழக்கே, ஏமனின் ஹத்ரமவுத்திலும் இன்றைய ஓமானின் தோஃபாரிலும் வளர்ந்தன. அப்பிசினை அண்டையிலிருந்த மயீன் நாட்டாரும் வடக்கே இருந்த நபத்தேயரும்கூட விற்றார்கள். மேலும், ஏறத்தாழ 600 மீட்டர் நீள அணை கட்டி மலைவெள்ளத்தை வயலுக்குத் திருப்பிய உழவர்களை வெறும் வணிகர் என்று அழைப்பதும் பொருந்தாது.

ஒலியில் நெருங்கி வந்தாலும், குர்ஆன் 2:62இல் வரும் 'ஸாபியீன்கள்' வேறு, அவர்கள் ஒரு சமயத்தார். அவர்களைச் 'சாபியர்' என்றே எழுதுவோம். நெடிலும் குறிலும் இடம் மாறிவிடாமல் மெய்ப்புப் பார்ப்பவர் கவனித்துக்கொள்ள வேண்டும். சபேயரின் தொடக்ககால ஆட்சியாளர் பட்டமான 'முகர்ரிப்' என்பதை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். அரசர் என்பதற்கு அவர்களிடமே வேறு சொல் இருந்ததால், இதற்கும் அதையே இடுவது தவறாகும். பொருத்தமான தமிழ்ச்சொல் தோன்றினால் தெரிவியுங்கள்.